ரொட்டி திருடினால்தான் ஆர்.பி.ஜி.யா?

அப்சிடியன் நிறுவனத்தின் 'அவௌட்' கேம் 2025 பிப்ரவரி 18 அன்று வெளிவந்தது. அடுத்த சில நாட்களிலேயே அதற்கான தீர்ப்பும் வந்துவிட்டது. திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் 2006-இல் வந்த 'ஆப்ளிவியன்', மறு பாதியில் 'அவௌட்' என்று ஓடிய குட்டி வீடியோக்கள் அந்தத் தீர்ப்பை எழுதின. பழைய கேமில் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு ரொட்டியை எடுத்தால் காவலர் வந்து நிற்பார். புதியதில் வீடு புகுந்து அலமாரியையே காலி செய்தாலும் வீட்டுக்காரர் வாய் திறக்கமாட்டார். பழையதில் தெருவில் போகிறவர்மேல் அம்பு விட்டால் ஊர் திரண்டு வரும். புதியதில் அவர் நின்ற இடத்திலேயே நிற்பார். பழையதில் தண்ணீருக்கு உயிர் இருந்தது, புதியதில் அதுவும் போய்விட்டது என்றார்கள். பத்தொன்பது ஆண்டு கழித்து வந்த கேம் பத்தொன்பது ஆண்டு பின்தங்கி நிற்கிறது என்ற முடிவு இப்படித்தான் பிறந்தது. இன்று அவௌட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்களும் அதையே சொல்கிறார்கள்.

இந்த முடிவு தவறு. அவௌட்டுக்கு இழைத்த அநியாயம் என்பதோடு இது நிற்கவில்லை. ஆப்ளிவியனின் பெருமை எதில் இருக்கிறதோ அதை விட்டுவிட்டு வேறொன்றைத் தூக்கிப் பிடிப்பதால் அந்தப் பழைய கேமையும் சிறுமைப்படுத்துகிறது.

வீடியோக்கள் பொய் சொல்லவில்லை என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். அவௌட்டின் தலைநகரமான பாரடிஸில் மக்கள் பெரும்பாலும் நிறுத்திவைத்த இடத்திலேயே நிற்கிறார்கள். கடைக்காரர் இரவில் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை. திருட்டு என்ற குற்றமே அந்த உலகில் இல்லை. அப்பாவிகளை நாம் தாக்கவும் முடியாது. இவை குறைகள்தான். இருந்திருந்தால் கேம் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஆனால் இவற்றை வைத்து ஓர் ஆர்.பி.ஜி.யின், அதாவது வேடமேற்று ஆடும் கேமின், தரத்தை அளந்துவிடலாம் என்கிறார்களே, அங்கேதான் நான் முரண்படுகிறேன்.

முப்பது விநாடி வீடியோவில் எதைக் காட்ட முடியும்? அம்பு விட்டால் உடனே என்ன நடக்கிறது என்பதைக் காட்டலாம். கல்லைப் போட்டால் தண்ணீர் என்ன செய்கிறது என்பதைக் காட்டலாம். முதல் மாகாணத்தில் ஒருவருக்குக் கொடுத்த வாக்கு இரண்டாம் மாகாணத்தில், பத்து மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு, எப்படித் திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கிறது என்பதைக் காட்டவே முடியாது. ஒரு வேடத்தை ஏற்று ஆடுகிற விளையாட்டுக்கு உயிர் அந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. நம் முன்னால் ஒரு முடிவு வைக்கப்பட வேண்டும். அதற்கு ஒரு விலை இருக்க வேண்டும். அந்த விலையைக் கொடுத்த பிறகு உலகம் வேறாகியிருக்க வேண்டும். விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் கர்ணன் ஏறி நிற்கிற பெஞ்சுதான் தேர். தேருக்குச் சக்கரம் சுழலவில்லையே என்று எழுந்து போகிறவரை நல்ல ரசிகர் என்று யாரும் சொல்வதில்லை.

ஆப்ளிவியனுக்கு முந்தைய 'மாரோவிண்ட்' 2002-இல் வந்தது. ஆர்.பி.ஜி. ரசிகர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், நானும்தான். அந்த விளையாட்டில் மக்களுக்கு அன்றாட நடைமுறை என்று ஒன்றும் கிடையாது. கடைக்காரர் இரவு பகலாக அதே மேசைக்குப் பின்னால் நிற்பார், தூங்கவே மாட்டார். ஆனால் முக்கியமான ஒரு பாத்திரத்தைக் கொன்றுவிட்டால், விதியின் இழை அறுந்துவிட்டது என்று கேம் நமக்குச் சொல்லிவிட்டு, விரும்பினால் அந்தச் சீரழிந்த உலகிலேயே தொடரவிடும். ஹ்லாலு, ரெடோரன், டெல்வானி என்ற மூன்று குடிகளில் ஒன்றில் சேர்ந்தால் மற்ற இரண்டின் கதவும் அடைபடும். 2006-இல் வந்த ஆப்ளிவியனோ மக்களுக்கு உறக்கமும் உணவும் கொடுத்தது. கூடவே முக்கியப் பாத்திரங்களுக்குச் சாகாவரமும் கொடுத்தது. எத்தனை வெட்டு வெட்டினாலும் மயங்கி விழுந்து, சற்று நேரத்தில் தூசி தட்டிக்கொண்டு எழுவார்கள். கடைக்காரர் நடக்கக் கற்றுக்கொண்ட அதே கேமில்தான் நம் செயலின் எடை குறைந்தது. அன்று மாரோவிண்ட் ரசிகர்கள் இதைச் சொல்லித்தான் கொதித்தார்கள். இன்று அதே ஆப்ளிவியன் ஆழத்துக்கு அளவுகோலாக நிறுத்தப்படுகிறது. நடமாடும் கடைக்காரரே ஆழத்தின் அடையாளம் என்றால் மாரோவிண்டை முதலில் தள்ளிவைக்க வேண்டியிருக்கும். அதற்குத் தயாராக இருப்பவர் எவரையும் நான் பார்க்கவில்லை.

அந்த நடமாட்டத்தையும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். 'ரேடியன்ட் ஏ.ஐ.' என்று ஆப்ளிவியனைச் செய்த பெதஸ்டா நிறுவனம் பெயர் வைத்த ஏற்பாடு அது. ஒவ்வொருவருக்கும் இந்நேரத்தில் இதைச் செய் என்று இலக்குகள் உண்டு. சாப்பிடு, வேலைக்குப் போ, கோயிலுக்குப் போ, தூங்கு. அந்தக் காலத்துக்கு அது பெரிய துணிச்சல், மறுக்கவில்லை. ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்த மக்களுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே குரல் கொடுத்தார்கள். தலைநகரில் ஒரு பிச்சைக்காரரிடம் காசு போட்டால் கரகரத்த, நடுங்கும் குரலில் நன்றி சொல்வார். அவரிடமே ஊரில் என்ன பேச்சு என்று கேட்டால், அடுத்த நொடியில் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த கனவானின் குரல் வரும். தெருவில் இருவர் சந்தித்துக்கொண்டால் வணக்கம் சொல்லி, சம்பந்தமில்லாமல் நண்டைப் பற்றி நாலு வார்த்தை பேசி, சட்டென்று விடைபெற்றுப் போவார்கள். இதைப் பார்த்து அன்பாகச் சிரித்த தலைமுறைதான் இன்று இதையே உயிர்ப்பின் இலக்கணமாக எழுதிவைக்கிறது.

சாலைக்கு வாருங்கள். ஆப்ளிவியனில் எதிரிகள் நம்மோடு சேர்ந்தே வளர்வார்கள். நாம் லெவல் ஏற ஏற அவர்களின் ஆயுதமும் கவசமும் ஏறும். கடைசிக் கட்டத்தில் காட்டுப் பாதையில் ஒரு வழிப்பறிக்காரன் குறுக்கே வருவான். அவன் உடம்பில் இருப்பது கண்ணாடிக் கவசம். விற்றால் ஆயுளுக்கும் உட்கார்ந்து சாப்பிடலாம். அந்தக் கோலத்தில் நின்றுகொண்டு நூறு காசு கொடுத்துவிட்டுப் போ என்று மிரட்டுவான். ஓர் உலகம் தன் சொந்த நியாயத்தை இதைவிட வெளிப்படையாகக் கைவிட முடியாது. அவௌட்டில் அப்படி இல்லை. எந்த எதிரி எங்கே இருக்கிறானோ அவன் பலம் அவனுக்கு. தகுதி வராமல் போனால் அடி வாங்கித் திரும்ப வேண்டும். காட்டுக்குள் ஒரு குகை நமக்கு இன்னும் எட்டாதது என்று தெரிவதும், பிறகு வலுப்பெற்று அங்கே திரும்பிப் போவதும்தான் வளர்ச்சி என்ற உணர்வைத் தருகின்றன. இந்த வேறுபாடும் எந்த க்ளிப்பிலும் வரவில்லை.

இனி இரண்டு ஊர்கள்.

ஆப்ளிவியனில் க்வாட்ச் என்று ஒரு மலைநகரம். நாம் போய்ச் சேரும் முன்பே அசுர உலகத்தின் வாசல் திறந்து ஊர் எரிந்துவிட்டது. நாம் செய்த எதனாலும் அது எரியவில்லை, நாம் எதைச் செய்தாலும் அதைத் தடுக்க முடியாது. உள்ளே புகுந்து வாசலை மூடுகிறோம், எஞ்சியவர்களை மீட்கிறோம், கோட்டையைக் கைப்பற்றுகிறோம். தொடக்கத்திலேயே வரும் இந்தக் கட்டம் இன்றும் உடம்பு சிலிர்க்க வைக்கக்கூடியது. ஆனால் அதன்பின் எத்தனை மாதம் அந்த உலகில் திரிந்துவிட்டு வந்தாலும் க்வாட்ச் அதே இடிபாடுதான். மலையடிவாரத்தில் அதே கூடாரங்கள். நகரின் நாயகன் என்று நம்மைக் கொண்டாடுவார்கள், ஒரு கல்லை எடுத்து இன்னொரு கல்மேல் வைக்கமாட்டார்கள். கதையின் முடிவும் அப்படித்தான். பேரரசரின் வாரிசு மார்ட்டின் தன்னைத் தியாகம் செய்து டிராகனாக மாறி அந்த அசுர உலகின் அதிபதியோடு மோதும்போது நாம் கீழே நின்று பார்க்கிறோம். நாம் இரக்கமுள்ளவரா, கொலைகாரரா, நூறு வீட்டில் திருடியவரா என்பதால் அந்தக் காட்சியில் ஓர் அசைவும் மாறாது. ரொட்டி திருடியதைக் கவனித்த உலகம் இதைக் கவனிக்கவில்லை.

அவௌட்டின் இரண்டாம் மாகாணம் எமரால்டு ஸ்டேர். அங்கே ஃபியோர் மெஸ் இவெர்னோ என்று ஓர் ஊர். நம்மோடு பயணம் வரும் கியாட்டா வாழ்ந்த ஊர். ஆன்மாக்களை ஆராயும் கலை தெரிந்தவள், கூட வருகிறவர்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானவள். அந்த ஊரில் பேசுகிறோம், வாங்குகிறோம், சண்டைகளைத் தீர்த்துவைக்கிறோம். ஸ்டீல் கரோட் என்ற மதவெறிப் படையும் அதன் தலைவி லோட்வினும் சுற்றிலும் வட்டமிடுகிறார்கள். அந்த மாகாணத்தின் முடிவில் நாம் என்ன செய்தோம், யாரிடம் எதைச் சொன்னோம் என்பதைப் பொறுத்து அந்த ஊர் தப்பலாம், எரியலாம். எரிந்தால் திரும்பிப் போகும்போது நாம் அறிந்த தெருவில் தீ நிற்கும். பேசிப் பழகிய முகங்கள் பல இருக்காது. இது நடக்கும் என்று யாரும் பெரிய எழுத்தில் எச்சரிப்பதில்லை. சிலர் கோபப்பட்டார்கள், முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று. வாழ்க்கையில் முடிவெடுக்கிறவனுக்கு விளைவின் பட்டியலை யாரும் நீட்டுவதில்லை. அந்தக் கோபமே அந்த இடம் வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி. க்வாட்ச்சுக்காக நான் வருத்தப்பட்டிருக்கிறேன். ஃபியோருக்கு நான் பொறுப்பாளி. இரண்டும் வேறு வேறு உணர்ச்சி. இரண்டாவதைத் தருவதற்காகத்தான் இந்த விளையாட்டு வகையே உருவானது.

இன்னும் சிறிய ஓர் இடத்தைக் காட்டுகிறேன். முதல் மாகாணத்தின் கடலோரத்தில், ஒரு பழைய இடிபாட்டுக்குள் சார்காமிஸ் என்று ஒருவர் தனியாக இருக்கிறார். இல்லாமல் போய்விட்ட ஈயோதாஸ் என்ற கடவுளை ஒரு சிலைக்குள் மீட்டெடுத்துவிடலாம் என்று நம்புகிறவர். மரியாதையானவர், படித்தவர், பேசப் பேசப் பிடித்துப்போகிறவர். அவர் கனவுக்கு ஓர் ஆன்மா தேவை என்பதும் அது நம்முடையதாக இருக்க வேண்டும் என்று அவர் விரும்புகிறார் என்பதும் மெல்லத்தான் புரிகிறது. மறுத்துச் சண்டை போடலாம். நம் பாத்திரத்துக்குப் போதிய அறிவோ பொருத்தமான பின்னணியோ இருந்தால், அந்த ஆன்மாவை அவரே தரட்டும் என்று பேசியே சம்மதிக்கவைக்கலாம். தலை குனிந்து நாமே அந்த இயந்திரத்துக்குள் நுழையவும் கேம் விடுகிறது. மூன்றுமே நெஞ்சை அறுக்கிற வழிகள். கதையின் பெரும்போக்குக்கு இந்த இடம் அவசியமே இல்லை, பாதிப் பேர் பார்க்காமலே கடந்துபோயிருப்பார்கள். அவௌட்டின் இயக்குநர் கேரி படேல் நாவலாசிரியர், இதே உலகில் நடக்கும் 'பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி' கேம்களுக்கு எழுதியவர். அந்தக் கையெழுத்து இப்படிப்பட்ட மூலைகளில் தெரிகிறது.

இப்போது அந்த ரொட்டிக்கு வருகிறேன். ஆப்ளிவியனில் நாம் பெயரில்லாத கைதி. பேரரசர் நம் சிறைக்குள் நுழைகிறார், சற்று நேரத்தில் கொல்லப்படுகிறார், நாம் வெளியே வருகிறோம். கடந்தகாலம் இல்லை, கடமையும் நாமாக ஏற்றுக்கொண்டால்தான். அந்த வெற்றுத்தாளில் திருடன் என்றோ துறவி என்றோ எழுதிக்கொள்ளலாம். அந்தச் சுதந்திரத்துக்கு ஏற்ற சட்டம், காவல், சிறை எல்லாம் அங்கே வேண்டும், இருக்கின்றன. அவௌட்டில் நாம் ஏடிர் பேரரசரின் தூதர். கனவுகளைப் பிடித்து மனிதரைப் பித்தாக்கும் ஒரு கொள்ளைநோயை விசாரிக்க, பேரரசு விழுங்க நினைக்கும் ஒரு தீவுக்கு வந்திருக்கிறோம். முகத்தில் கடவுளின் தீண்டல் பூஞ்சையாகவும் கிளையாகவும் முளைத்திருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் நம்மைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். போர்வீரரா, அரண்மனை நிமித்திகரா, பிரபு குலமா, சாரணரா, மந்திரம் பயின்ற அறிஞரா என்று தொடக்கத்தில் தேர்ந்த பின்னணி, பேச்சுக்குப் பேச்சு வழி திறக்கிறது. ஆக இது எழுதப்பட்ட தாள், எழுதிய வரிகளுக்குள் நாம் யார் என்பது கேள்வி. ஒரு பேரரசின் தூதர் சந்தையில் ரொட்டி திருடினால் பிடிபடுவாரா என்பதில் எனக்கு ஆர்வமில்லை. அவர் அந்த மக்களின் நிலத்தைப் பேரரசிடம் ஒப்படைப்பாரா, அவர்களுக்கே விடுதலை வாங்கித் தருவாரா, மண்ணுக்கடியில் சிறைப்பட்டிருக்கும் ஒரு கடவுளை அவிழ்த்துவிடுவாரா, கொல்வாரா? கேம் இதையெல்லாம் நம்மிடம் கேட்கிறது, பதிலைக் கணக்கில் வைத்துக்கொள்கிறது.

தண்ணீர் விஷயத்தையும் விட மனமில்லை. அவௌட்டில் உறைபனி மந்திரத்தைத் தண்ணீர்மேல் போட்டால் பனிப்பாளம் உண்டாகும், அதன்மேல் ஏறி நடக்கலாம். தேங்கிய நீரில் மின்னல் பாய்ச்சினால் அதில் நிற்கிற எதிரிகளைத் தாக்கும். அடைத்துக்கிடக்கும் முட்புதரை நெருப்பால் எரித்து வழி காணலாம். மாடத்திலிருந்து மாடத்துக்குத் தாவி, கூரை பிடித்து ஏறி, ஒரு நகரத்தையே மேலிருந்து கீழாக ஆராயலாம். ஆப்ளிவியனின் நாயகன் இடுப்புயரச் சுவரைப் பிடித்து ஏற முடியாதவன். இதை ஒரு க்ளிப்பாக வெட்டி அருகருகே வைத்தால் தீர்ப்பு தலைகீழாகும். அப்படி வெட்டுவதும் நேர்மையற்ற வேலைதான்.

ஆப்ளிவியனை நான் நேசிக்கிறேன், அதனால்தான் இவ்வளவு ஆத்திரம். ஸ்கிங்ராட் நகரில் பூட்டிய மாளிகைக்குள் ஐந்து விருந்தினர். தங்கம் நிறைந்த பெட்டி ஒன்று ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது என்று நம்பி வந்தவர்கள். ஆறாவது விருந்தாளி நாம், அவர்களை ஒவ்வொருவராகக் கொல்ல அனுப்பப்பட்டவர். ஒருவரிடம் நம்பிக்கையைச் சம்பாதித்து, இன்னொருவரின் மீது சந்தேகத்தைக் கிளப்பிவிட்டால் நம் வேலையை அவரே முடித்துவிடுவார். பிணங்கள் கூடக் கூட மிச்சமிருப்பவர்களின் குரலும் நடையும் மாறும், அழுவார்கள், நம்மையே துணைக்கு அழைப்பார்கள். அவர்கள் நடமாடுவதும் உறங்கப்போவதும் அங்கே அவ்வளவு அர்த்தமுள்ளவை. ஏனென்றால் யாரை, எப்போது, எப்படி என்ற முடிவோடு அவை பிணைக்கப்பட்டிருக்கின்றன. வரைந்த ஓவியத்துக்குள் சிக்கிக்கொண்ட ஓவியரை மீட்கும் செய்டின்ஹால் கதையும் அப்படியே, ஒரு மனிதரின் கற்பனை நேரடியாகத் தொட்ட இடம். ஆப்ளிவியனை இருபது ஆண்டு உயிரோடு வைத்திருப்பவை இவைதான். இதை நேசிக்கிறவர் ஒப்பிட வேண்டுமென்றால் இந்த மாளிகையைச் சார்காமிஸின் இடிபாட்டோடு வைத்துப் பேசட்டும். அந்த வாதத்தில் நான் தோற்கவும் தயார். காவலர் ஓடிவரும் வேகத்தை வைத்துப் பேசுகிறவரோடு எனக்குப் பேச்சில்லை.

அவௌட்டின் மீது நியாயமான புகார்கள் இருக்கின்றன. ஆயுதங்களைப் படிப்படியாக உயர்த்தும் முறை, புதிய மாகாணம் வந்ததும் கையிலிருப்பதைச் செல்லாக்காசாக்கி, மூலப்பொருள் பொறுக்க வைக்கிறது. எதிரிகளின் வகை குறைவு. வெளியான நாளில் மனிதர், எல்ஃப் என்ற இரண்டு இனங்களில் மட்டுமே நம் பாத்திரத்தை உருவாக்க முடிந்தது, இத்தனை இனங்கள் வாழும் உலகில் அது பெரிய ஏமாற்றம். இவற்றைப் பற்றி எழுதுங்கள், நானும் கூடவே எழுதுகிறேன். இவற்றுக்கெல்லாம் கேமை ஆடியிருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். க்ளிப்புக்கு அது தேவையில்லை.

2025 ஏப்ரல் 22 அன்று ஆப்ளிவியன் புதுமெருகோடு மறுபடி வந்தது. காட்சிகள் புதிது, ஒளி புதிது, குரல்கள் சில புதிது. அடியில் ஓடும் இயந்திரம் பழையதே, க்வாட்ச்சும் பழையபடி இடிபாடாகவே கிடக்கிறது. மக்கள் கொண்டாடினார்கள், கொண்டாடட்டும். ஆனால் இரண்டு கேமையும் செய்த நிறுவனங்கள் இப்போது ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் அப்சிடியனை 2018-இல் வாங்கியது, பெதஸ்டாவின் தாய் நிறுவனத்தை 2021-இல் வாங்கி முடித்தது. பணம் எதற்குப் போக வேண்டும் என்று அங்கே முடிவு செய்கிறவர்களும் இந்த க்ளிப்புகளைப் பார்க்கிறார்கள். ஓர் ஊரை முழுதாக ஒருமுறையும் எரிந்ததாக இன்னொருமுறையும் செய்ய வேண்டும். இரண்டுக்கும் வசனம் எழுத வேண்டும், குரல் பதிய வேண்டும், அதில் ஒன்றை ஆடுகிறவர்களில் பெரும்பகுதியினர் பார்க்கவே போவதில்லை. அதே பணத்தில் காவலருக்கு ஓடக் கற்றுக்கொடுத்து, முதல் நாளே எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கலாம். எதற்குக் கைதட்டு, எதற்குக் கேலி என்று நாம் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்ட பிறகு, ஊரை இரண்டு முறை எழுத அனுமதி கேட்டுப் போகும் எழுத்தாளரை அந்த அறையில் யார் ஆதரிப்பார்கள்? அடுத்த கேமிலும் ஓர் ஊர் எரியும், நாம் போய்ச் சேரும் முன்பே, எல்லோருக்கும் ஒரே மாதிரி.